தோட்டக் கோயில் பிள்ளையாரின் கல் எங்கிருந்து வந்தது? சுரண்டாமல் அறிய வழி உண்டா?

மலைச்சாரல் (தலவாக்கலை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டம் தலவாக்கலைக்கும் பூண்டுலோயாவுக்கும் இடையில் இருக்கிறது. மேல் டிவிசன் மாரியம்மன் கோயிலில், அம்மனுக்கு வலப்புறத்தில், இரண்டடிக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் ஒரு கற்பிள்ளையார் இருக்கிறார். அம்மனின் திருவுருவம் எங்கள் தகப்பனார் காலத்தில் மாமல்லபுரத்திலிருந்து வருவிக்கப்பட்டது என்பதற்குப் பற்றுச்சீட்டே இருக்கிறது. பிள்ளையாருக்கு அப்படி எதுவும் இல்லை. கோயில் தகரக் கொட்டகையாக இருந்த காலத்திலேயே அவர் அங்கே இருந்தார் என்பது மட்டுமே எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

அவரைப் பற்றி மூன்று கதைகள் வழங்குகின்றன. பெரிய கங்காணியின் முன்னோர் ஊரிலிருந்து புறப்பட்டபோது குலதெய்வக் கோயில் பிள்ளையாரையும் கையோடு எடுத்து வந்து, மன்னார் வழியாகக் காடும் மேடும் கடந்து கொண்டு சேர்த்தார்கள் என்பது முதற்கதை. கோப்பித் தோட்டத்துக்காகக் காடு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள் என்பது இரண்டாவது. தொழிற்சாலைக்கு அத்திவாரம் போட வந்த கல்வேலைக்காரர் ஒருவர், தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் இருக்கும் பெரும்பாறையில் ஒரு துண்டை உடைத்துச் செதுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார் என்பது மூன்றாவது. ஒவ்வொரு கதைக்கும் இங்கே ஒரு குடும்பம் சாட்சியாக நிற்கிறது, அதனால்தான் சிக்கல்.

அடுத்த பங்குனியில் கும்பாபிஷேகம் நடத்துவதாகப் பரிபாலன சபை தீர்மானித்திருக்கிறது. கார்த்திகையில் பாலஸ்தாபனம், அதாவது திருப்பணிக்காகத் தெய்வசக்தியைத் தற்காலிகமாக இடம்மாற்றும் கிரியை. கும்பாபிஷேக மலரைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருப்பதால், பிள்ளையாரைப் பற்றி ஒரு பந்தியாவது பொய்யில்லாமல் எழுத வேண்டும் என்று விரும்புகிறேன். இளைஞர் ஒருவர், கொழும்புக்கு அனுப்பி ‘கார்பன் டெஸ்ட்’ செய்தால் ஆண்டும் ஊரும் தெரிந்துவிடும் என்கிறார். இன்னொருவர், பீடத்துக்குள் மறைந்திருக்கும் பகுதியில் விரல்நுனி அளவு கல்லைப் பெயர்த்துக் கொடுத்தால் போதும் என்கிறார். குருக்கள் ஐயா அதை ஒரேயடியாக மறுத்துவிட்டார். பின்னப்பட்ட விக்கிரகம் பூசைக்கு ஆகாது என்ற அவருடைய நிலைப்பாட்டில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆகவே என் கேள்வி இதுதான். உடைக்காமல், சுரண்டாமல், துளையிடாமல் ஒரு சிலையின் கல் எந்த மலையிலிருந்து வந்தது என்று அறிய முடியுமா? முடியும் என்றால், எங்களைப் போன்ற ஒரு தோட்டக் கோயில் சபை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பாறைப்பாவை (பேராதனை) பதில்:

ஐயா, நான் புவிச்சரிதவியல் படித்தவள். சிலைகளில் நேரடியாக வேலை செய்தது குறைவு. பாறைகளில் வேலை செய்தது அதிகம். அந்த அளவில் என் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ‘கார்பன்’ யோசனையை ஓரமாக வைத்துவிடலாம். கரிமக் காலக்கணிப்பு மரம், கரி, எலும்பு, விதை போன்ற உயிருள்ளவற்றின் எச்சங்களுக்கு உரியது. கருங்கல்லுக்கு அது பொருந்தாது. கல்லின் வயதைக் கண்டுபிடித்தாலும் சிலையின் வயது கிடைக்காது. நம் மத்திய மலைநாட்டுப் பாறைகள் ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. அந்தக் கல்லில் ஒருவர் உளி வைத்தது 1870 இலா 1370 இலா என்பதைக் கல் சொல்லாது.

இனி, சேதம் விளைவிக்காத சோதனைகளுக்கு வருகிறேன். ஆய்வாளர்கள் இப்போது அதிகம் நம்புவது கைக்கடக்கமான எக்ஸ் கதிர் உடனொளிர்வுக் கருவியை. துளைபோடும் மின்கருவியைப் போன்ற தோற்றமுடைய அதைக் கல்லின் மேல் ஒரு நிமிடம் அளவில் பிடித்தால், அது அனுப்பும் கதிரால் தூண்டப்பட்ட ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய சக்தியில் கதிரைத் திருப்பி வீசும். அதை வைத்து இரும்பு எவ்வளவு, ருபிடியம் எவ்வளவு, ஸ்ட்ரொன்சியம், சிர்க்கோனியம் எவ்வளவு என்று கணக்கிடலாம். கல்லில் ஒரு கீறல்கூட விழாது. ஆனால் அது பார்ப்பது மேற்பரப்பை மட்டுமே. சிலிக்கன், அலுமினியம் போன்ற இலேசான மூலகங்களுக்கு அதன் பார்வை ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாண்டாது. சிர்க்கோனியம் போன்ற பாரமானவற்றுக்குச் சில மில்லிமீற்றர் வரை போகும்.

உங்கள் பிள்ளையாருக்கு இதுதான் பெரிய தடை. நூறு ஆண்டுக்கு மேல் பாலும் நெய்யும் எண்ணெயும் விபூதியும் ஏற்ற மேனி அது. பாலில் கல்சியமும் பொசுபரசும் உண்டு. விபூதியில் அவற்றோடு பொற்றாசியமும் சிலிக்காவும் உண்டு. சில செந்தூரங்களில் ஈயம் உண்டு. பீடத்தருகே பிடித்தால் கருவி இரசத்தைக் காட்டி எல்லோரையும் திடுக்கிட வைக்கும். அது கல்லில் இருக்கும் இரசமல்ல, சிலையைப் பீடத்தோடு ஒட்டும் அஷ்டபந்தன மருந்தில் சேர்க்கும், இரசம் கலந்த சாதிலிங்கம். விவரமறியாத ஒருவர் இந்த அளவீடுகளை அப்படியே அட்டவணைப்படுத்தினால், உலகத்தில் எங்கும் இல்லாத ஒரு பாறையை உங்கள் தோட்டத்தில் கண்டுபிடித்த பெருமை அவருக்குக் கிடைக்கும்.

இரண்டாவது கருவி இதைவிட எளியது. காந்த ஏற்புத்திறனை அளப்பது. கல்லில் மக்னடைட் என்ற கனியம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை அது பெரும்பாலும் காட்டும். எண்ணெய்ப் பூச்சு அதைக் குழப்புவதில்லை. கல்லுக்குள் இரண்டொரு சென்ரிமீற்றர் வரை அது உணரும். கம்போடியாவின் அங்கோர் கோயில்களில் இதன் பெருமை தெரிந்தது. அங்குள்ள சாம்பல் நிற மணற்கற்கள் கனியத்திலும் இரசாயனத்திலும் ஒன்றுபோலவே இருந்தன. ஜப்பானிய ஆய்வாளர் உச்சிதா எட்சுவோவின் குழு அவற்றின் காந்த ஏற்புத்திறனை ஆயிரக்கணக்கில் அளந்து, எந்தக் கோயிலின் எந்தப் பகுதிக்கு எந்தக் கற்சுரங்கத்தின் கல் வந்தது, எந்த வரிசையில் கட்டினார்கள் என்று பிரித்துக் காட்டியது. உரோமர் காலத்துக் கருங்கல் தூண்கள் பலவற்றையும் இதே முறையில் அவற்றின் சுரங்கங்களோடு பொருத்தியிருக்கிறார்கள். வளைந்த பரப்பில் அளவு குறைந்து காட்டும் என்பதால் தும்பிக்கையிலும் தொந்தியிலும் வைத்து அளக்கக் கூடாது. முதுகு தட்டையாக இருந்தால் அதுவே சிறந்த இடம்.

கனியங்களை நேரடியாக அடையாளம் காட்டும் ராமன் நிறமாலைக் கருவியும் இருக்கிறது. எண்ணெய் ஊறிய பரப்பில் அதன் லேசர் பட்டால் எண்ணெயே ஒளிர்ந்து மற்றதையெல்லாம் மறைத்துவிடும். கல்லிலிருந்து வரும் காமாக் கதிரை அளந்து பொற்றாசியம், தோரியம், யுரேனியத்தைக் கணக்கிடும் கருவி பெரிய தூணுக்குப் பொருத்தம். சிறிய மூலஸ்தானத்துக்குள் வைத்தால் தரைக்கல்லும் சுவர்க்கல்லும் சேர்ந்து பேசும், பிள்ளையாரின் குரல் கேட்காது.

இவ்வளவும் கருவியைப் பற்றியது. கருவி ஒரு கைரேகையைத்தான் எடுத்துத் தரும். அந்த ரேகையை ஒப்பிட்டுப் பார்க்க, சந்தேகத்துக்குரிய பாறைகளின் ரேகைகளும் கையில் இருக்க வேண்டும். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தில் எஞ்சியிருக்கும் 52 சார்சன் (கடினமான மணற்கல் வகை) கற்களையும் கையடக்கக் கருவியால் அளந்து, அவற்றுள் 50 ஒரே இயல்புடையவை என்று 2020 இல் வெளியிட்டார்கள். ஆனால் அவை எந்த ஊர்க்கல் என்று சொல்ல, 20 இடங்களின் பாறைகளோடு ஒப்பிட வேண்டியிருந்தது; அந்த ஒப்பீட்டுக்கும் 1958 இல் திருத்தவேலையின்போது துளைத்தெடுத்து, ஒருவர் தம்மோடு வெளிநாட்டுக்கு எடுத்துச் சென்று, 60 ஆண்டுகளுக்குப் பின் திருப்பிக் கொடுத்த ஒரு கற்துண்டுதான் கைகொடுத்தது. அதாவது, மிகப் பெயர்பெற்ற அந்த ஆய்வும் கடைசிப் படியில் ஒரு பழைய துளையில்தான் கால் வைத்தது.

முழுக்க முழுக்கச் சேதமில்லாமல் முடிந்ததற்கு ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. ஒஸ்திரியாவில் 1908 இல் கிடைத்த வில்லென்டோர்ஃப் பெண்ணுருவம் வெறும் 11 சென்ரிமீற்றர். அதை நுண் ‘சீ.டி.’ ஸ்கேனரில் வைத்து உள்ளிருக்கும் சுண்ணாம்பு மணிகளையும் சிப்பித் துணுக்கையும் படமெடுத்து, வட இத்தாலியில் கார்டா ஏரிக்கு அருகிலுள்ள கல்லோடு அது மிகவும் ஒத்துப்போவதாக 2022 இல் வியன்னா ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். உங்கள் பிள்ளையார் அந்த ஸ்கேனருக்குள் அடங்க மாட்டார். அடங்கினாலும் நம் கருங்கல்லுக்குள் சிப்பி கிடையாது.

உளியோசை (மாத்தளை) பதில்:

வணக்கம். நான் கல்வேலை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன். தகப்பனார் தமிழகத்தில் தொழில் பழகி வந்தவர். மேலே அம்மா எழுதிய கருவிகளை நான் கண்டதில்லை. ஆனால் கல்லைச் சேதப்படுத்தாமல் சோதிப்பது எங்கள் தொழிலில் புதிய காரியம் அல்ல என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

சிற்ப நூல்கள் கல்லை ஆண் கல், பெண் கல், அலிக்கல் என்று பிரிப்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தட்டிப் பார்க்கும்போது வெண்கல மணிபோல் நாதம் நீண்டு ஒலிப்பது ஆண் கல் என்றும், தாளம்போல் மெலிந்து ஒலிப்பது பெண் கல் என்றும், நாதமே எழாதது அலிக்கல் என்றும் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். தெய்வத்துக்கு ஏற்றபடி கல் தேர்வதற்கான விதியாக அது எழுதப்பட்டிருந்தாலும், உள்ளே வெடிப்போ நீரோட்டமோ இருக்கிறதா என்று பார்ப்பதே அதன் பயன் என்பது தொழில் செய்பவனுக்குத் தெரியும். வெடித்த மண்பானையும் வெடித்த கல்லும் ஒரேமாதிரித்தான் ஒலிக்கும்.

இனி உங்கள் மூன்று கதைகளைப் பற்றி. எங்கள் மலைநாட்டுக் கல் பெரும்பாலும் பட்டைபட்டையாக இருக்கும். வெள்ளைப் பட்டை, கறுப்புப் பட்டை, நடுவில் சிவப்புக் கார்னெட் மணிகள். தூணுக்கும் படிக்கும் அது பரவாயில்லை. நுட்பமான உருவத்துக்கு அது துரோகம் செய்யும். மூக்கைச் செதுக்கிக்கொண்டு போகும்போது ஒரு கார்னெட் மணி குறுக்கிட்டால் உளி தெறிக்கும், மணி குழியோடு பெயர்ந்து வந்துவிடும். பட்டை ஓடும் திசை தெரியாமல் கை வைத்தால் காது அப்படியே சில்லாக உதிரும். அதனால் ஊர்க்கல்லில் செய்த பழைய உருவங்களில் அங்கங்கள் உடம்போடு ஒட்டியே இருக்கும்; தும்பிக்கைக்கும் தொந்திக்கும் நடுவில் வெளி விடமாட்டார்கள். தமிழகத்தில் சிலைக்கென்று தேர்ந்தெடுக்கும் கருங்கல் சீரான மணியுடையது. அதில் விரல் இடுக்கு வரைக்கும் துணிந்து வேலை செய்யலாம்.

உங்கள் பிள்ளையாரின் கைகளும் தும்பிக்கையும் உடம்பிலிருந்து விலகியிருக்கின்றனவா, ஒட்டியிருக்கின்றனவா? முதுகில் உளித்தடம் புள்ளிபுள்ளியாகத் தெரிகிறதா, கோடுகோடாகத் தெரிகிறதா? அந்தப் பெரும்பாறையில் வரிசையாக ஆப்புக் குழிகள் இருக்கின்றனவா? கல் பிளக்க இரும்பு ஆப்பு அடித்த குழி ஒருபோதும் மறையாது. இந்த மூன்றையும் பார்த்துச் சொன்னால், கருவி வருவதற்கு முன்பே என்னால் பாதி சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

மலைச்சாரல்:

இருவருக்கும் நன்றி. குருக்கள் ஐயாவின் அனுமதியோடு, அபிஷேகத்துக்கு முன் அவர் விளக்கைப் பிடிக்க, நான் விலகி நின்றே பார்த்தேன். தும்பிக்கை தொந்தியோடு ஒட்டியிருக்கிறது. கைகளும் அப்படித்தான். முகத்தில் எண்ணெய்க் கறுப்பு அடர்ந்திருப்பதால் கல்லின் நிறம் தெரியவில்லை. முதுகில் உள்ளங்கையளவு இடத்தில் சாம்பல் கலந்த பச்சை நிறம் தெரிகிறது. சிவப்பு மணி எதுவும் கண்ணில் படவில்லை. முதுகுத் தடங்கள் புள்ளிபுள்ளியாக உள்ளன. லயத்துப் பாறையில் ஆப்புக் குழிகள் ஒன்பது எண்ணினேன். ஆனால் அந்தப் பாறையில் சிவப்பு மணிகள் தாராளமாக இருக்கின்றன. தொழிற்சாலையின் அத்திவாரக் கற்களிலும் அதே மணிகள்.

சபையில் ஒருவர், முதுகில் தேசிக்காய்ப் புளியும் சாம்பலும் தேய்த்தால் கறுப்புப் போய்க் கல் தெரிந்துவிடும் என்று யோசனை சொல்கிறார். செய்யலாமா?

ஆப்புக்குழி (ஹப்புத்தளை) பதில்:

தேசிக்காய் வேண்டாம். கம்பித் தூரிகையும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். உலோகத் தட்டத்துக்குச் செய்வதைக் கல்லுக்குச் செய்யக் கூடாது. அந்தக் கறுப்புப் படலமும் ஒரு சான்றுதான். எத்தனை தலைமுறை எண்ணெய் என்று ஒருநாள் யாராவது கேட்கலாம். பழைய பொருளாக இருந்துவிட்டால் நீங்கள் துடைத்தெறிவது திரும்பி வராது.

நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். ‘இவ்வளவு பாரமான கல்லை யார் சுமந்து வந்திருப்பார்’ என்ற வாதத்தைச் சிலர் முதற்கதைக்கு எதிராக வைப்பார்கள். அதற்காக மட்டும் எழுதுகிறேன். இரண்டடிச் சிலை 70 கிலோ அளவில் இருக்கலாம். காவடித் தண்டில் கட்டி இருவர் தூக்கக்கூடிய பாரம் அது. கல் கடல் கடந்து இந்தத் தீவுக்கு வந்ததற்குச் சான்றுகள் இருக்கின்றன. காலியில் 1911 இல் ஒரு மதகை மூடிக் கிடந்த நிலையில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு, 1409 ஆம் ஆண்டுத் தேதியிட்டுச் சீனாவில் பொறிக்கப்பட்டுக் கப்பலேறி வந்தது. அதன் தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற திருமாலுக்குச் செய்த காணிக்கைகளைச் சொல்கிறது. அதற்கும் ஆயிரம் ஆண்டுக்கு முன், கிருஷ்ணா நதிப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லில் அமராவதிப் பாணியில் வடித்த சிற்பங்கள் அனுராதபுரம் வட்டாரத்துக்கு வந்திருக்கின்றன. கல் வராமல் கை மட்டும் வந்ததும் உண்டு: கண்டிக்கு அருகே கடலாதெனியாவில் 1344 இல் எழுந்த கற்கோயிலின் தலைமைச் சிற்பி கணேஸ்வராசாரி, வேலைப்பாடு தென்னிந்தியப் பாணி.

ஆகையால் உளியோசை ஐயாவிடம் எனக்கு ஒரு சிறு மறுப்பு இருக்கிறது. தும்பிக்கை ஒட்டியிருப்பது ஊர்க்கல்லின் அடையாளம் மட்டும் அல்ல. தமிழகத்துக் கிராமக் கோயில்களிலும், குளத்தங்கரை அரசமரத்தடியிலும், அப்படிப்பட்ட பிள்ளையார்கள் நிறைந்திருக்கிறார்கள். செய்தவனின் கைத்திறனும் செய்வித்தவனின் கைப்பொருளும் அங்கே பேசுகின்றன.

சட்டப் பக்கத்தையும் மறவாதீர்கள். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இன்றும் திருத்தங்களோடு நடைமுறையில் இருக்கிறது. காடு வெட்டியபோது மண்ணிலிருந்து கிடைத்தது என்ற இரண்டாவது கதையை மலரில் அச்சிடுவதற்கு முன், அது சரியாக இருந்தால் தொல்பொருள் திணைக்களத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பதைச் சபை யோசிக்க வேண்டும். எக்ஸ் கதிர்க் கருவியைக் கொண்டுவருவதும் யாரோ ஒருவர் பையில் போட்டு எடுத்து வருகிற காரியம் அல்ல. 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்றவர்கள்தான் அதைக் கையாளலாம்.

உளியோசை:

ஆசிரியர் ஐயா சொன்ன மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் சாம்பல்பச்சை நிறமும், சிவப்பு மணி இல்லாமையும், புள்ளித் தடமும் சேர்ந்து வருவதைப் பார்க்கும்போது, லயத்துப் பாறையில் உடைத்த கல் அல்ல என்றே என் கை சொல்கிறது. எங்கள் தகப்பனார் அந்த நிறக் கல்லை ‘எண்ணெய்க் கல்’ என்பார். நனைக்காமலே நனைந்ததுபோல் இருக்கும்.

பாறைப்பாவை:

உளியோசை ஐயா ‘எண்ணெய்க் கல்’ என்று சொன்னதைத்தான் நாங்கள் சார்னோக்கைட் என்கிறோம் என்று நினைக்கிறேன். கார்னெட் இல்லாத, பச்சை கலந்த, எண்ணெய்ப் பளபளப்புள்ள கருங்கல் அது. அந்தப் பெயரின் பிறப்பே இந்த உரையாடலுக்குப் பொருத்தமானது. கொல்கத்தாவில் ஜொப் சார்னொக் என்ற ஆங்கில வணிகரின் கல்லறையில் இருக்கும் கல், சென்னைக்கு அருகே பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல்லை ஒத்திருந்ததைக் கண்டு, தோமஸ் ஹொலன்ட் என்ற புவிச்சரிதவியலாளர் அந்தப் பாறை வகைக்குச் சார்னொக்கின் பெயரையே வைத்தார். ஒரு நினைவுக்கல்லின் ஊரைத் தேடியதிலிருந்து வந்த பெயர்.

ஆனால் இங்கேதான் சபை அவசரப்படக் கூடாது. ‘சார்னோக்கைட், ஆகவே தமிழ்நாடு’ என்று எழுதிவிட முடியாது. நம் மலைநாட்டிலும் சார்னோக்கைட் ஏராளம். நீங்கள் தலவாக்கலையிலிருந்து ஹட்டன் வரை வீதியோரம் பார்க்கும் பாறைவெட்டுகளில் அதைக் காணலாம். மதுரையைச் சூழ்ந்த நிலத்தின் பாறைகளும் நம் மலைப் பாறைகளும் ஒரே காலத்தில், கோண்டுவானா என்ற பெருநிலத்தில் ஒன்றாகக் கிடந்தபோது உருமாறியவை. கனியம், இரசாயனம், காந்தம் எல்லாவற்றிலும் இவை உடன்பிறப்புகள்போலவே இருக்கும். சென்னைப் பக்கத்துச் சார்னோக்கைட் வேறு. அது உருமாறியது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன். இந்தப் பெரிய வேறுபாடு கல்லுக்குள் இருக்கும் சிர்க்கோன் என்ற கனிய மணிகளின் வயதைக் கணித்தால் தெளிவாகத் தெரியும். அதற்குக் கல்லில் ஒரு துண்டு வேண்டும்; குருக்கள் ஐயா சரியாகவே மறுத்திருக்கிறார்.

எனவே ‘இந்தியக் கல்லா, இலங்கைக் கல்லா’ என்ற கேள்வியைச் சேதமில்லாத கருவிகளிடம் கேட்காதீர்கள், அவை தடுமாறும். ‘இந்தக் கல் எங்கள் தோட்டத்துப் பாறையா’ என்று கேளுங்கள். அதற்கு அவை தயங்காமல் பதில் சொல்லும், ஏனென்றால் ஒப்பிட வேண்டிய பாறைகள் எல்லாம் உங்கள் காலடியிலேயே இருக்கின்றன. லயத்துப் பாறை, ஆற்றோரப் பாறை, மேல்மலை உச்சிப் பாறை, தொழிற்சாலை அத்திவாரக் கல் ஆகியவற்றில் எத்தனை துண்டு வேண்டுமானாலும் உடைக்கலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். வெளித்தோல் வெயிலிலும் மழையிலும் மாறியிருக்கும் என்பதால், புதிதாக உடைத்த முகத்தையும் பழைய முகத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும். அந்தப் பாறைகளில் எதனோடும் பொருந்தாவிட்டால் மூன்றாவது கதை விழும். பொருந்தினால் முதற்கதை பெரிதும் தளரும். இரண்டாவது கதையை மட்டும் கல்லால் தீர்க்க முடியாது. நிலத்துக்குள்ளிருந்து கிடைத்தது எந்தக் கல்லாகவும் இருக்கலாம். பொருந்தவில்லை என்று உறுதியாகச் சொல்வதுதான் இந்தக் கருவிகளின் உண்மையான பலம். பொருந்துகிறது என்பதை எப்போதும் ஒரு படி குறைத்தே நம்ப வேண்டும்.

காலத்தையும் சொல்லிவிடுகிறேன். பாலஸ்தாபனம் முடிந்து, பழைய அஷ்டபந்தனத்தை நீக்கிய பின், எண்ணெய்க்காப்புக்கு முன் இருக்கும் இடைவெளிதான் அளப்பதற்கு உகந்த நேரம். பீடத்துக்குள் இருந்த அடிப்பகுதியில் நூறு ஆண்டுகளாக எண்ணெயும் பாலும் அதிகம் பட்டிருக்காது. இரசம் கலந்த மருந்தை மட்டும் விலக்கிக் கொண்டால் போதும்.

கருவியே இல்லாமல் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. குருக்கள் ஐயா சம்மதித்து, அடிபெயர்ந்த நிலையில் பிள்ளையாரை நீருக்குள் வைக்கும் ஜலாதிவாசம் செய்வதாக இருந்தால், தண்ணீருக்கு வெளியே ஒருமுறையும் முழுக்க மூழ்கிய நிலையில் தொங்கவிட்டு ஒருமுறையும் நிறுத்துக்கொள்ளுங்கள். வெளி எடையை, இரண்டு எடைகளுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் கல்லின் அடர்த்தி வரும். வெளியே 70 கிலோ, உள்ளே 45 கிலோ என்றால் 70 ஐ 25 ஆல் வகுக்க 2.80. சாதாரண வெளிறிய கருங்கல் 2.65 அளவில் நிற்கும்; சார்னோக்கைட் 2.7 இலிருந்து 2.85 வரை போகும், 3.0 ஐத் தொட்டால் அது வேறொரு கறுப்புக் கல். லயத்துப் பாறைத் துண்டையும் அதேபோல் நிறுங்கள். பருத்திக் கயிறு வேண்டாம், நீரை உறிஞ்சும். நைலோன் பட்டி நல்லது. இறக்கும்போது ஒட்டிக்கொள்ளும் காற்றுக் குமிழிகளைக் கையால் தடவி விட வேண்டும். அதைக் குருக்கள் ஐயாதான் செய்ய வேண்டியிருக்கும்.

மலைச்சாரல்:

அம்மா, குருக்கள் ஐயா ஜலாதிவாசத்துக்குச் சம்மதித்துவிட்டார். எப்படியும் செய்ய வேண்டிய கிரியைதானே, தராசு ஒன்று கூட வந்தால் குற்றமில்லை என்றார். லயத்துப் பாறையில் இரண்டு, ஆற்றில் ஒன்று, அத்திவாரத்தில் சிதறிக் கிடந்தவற்றில் ஒன்று என நான்கு துண்டுகளை எடுத்து, எடுத்த இடத்தைப் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறேன். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தொங்கு தராசு போதுமா?

பாறைப்பாவை:

போதாது. அந்தத் தராசு ஒவ்வொரு முறையும் அரைக் கிலோ அங்குமிங்கும் காட்டினால், வித்தியாசம் 24 ஆகவும் வரலாம், 26 ஆகவும் வரலாம், விடை 2.71 இலிருந்து 2.90 வரை எங்கும் விழும். எந்தக் கல்லையும் அதனால் பிரிக்க முடியாது. 50 கிராம் வரை காட்டும் மின்னணுத் தொங்கு தராசை நகரத்தில் வாடகைக்குத் தேடிப் பாருங்கள். அப்போது விடை 2.79 க்கும் 2.81 க்கும் இடையில் நிற்கும். நான்கு துண்டுகளுக்கும் சிறிய தராசு வேறு வேண்டும். தேயிலைத் தூள் நிறுக்கும் மேசைத் தராசு அதற்குச் சரியாக இருக்கும்.

மலைச்சாரல்:

மடுவத்துத் தராசின் அரைக் கிலோவைப் பற்றி இந்தத் தோட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை, அம்மா. மின்னணுத் தராசைத் தலவாக்கலையில் மரக்கறி மொத்த வியாபாரி ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். கார்த்திகையில் இரண்டு நாள் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அளவுகள் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். மலரில் பிள்ளையாருக்கான பக்கத்தை அதுவரை வெறுமையாக விட்டு வைக்கச் சொல்லி அச்சகத்துக்கும் அறிவித்துவிட்டேன்.